பூத்துணியும் தலையணை உறையும்

‘பழங்குடி மரபின் உந்துதலில் உருவானது.’ தலையணை உறை, படுக்கை விரிப்பு, மேசைத்துணி என்று வீட்டுத் துணிகளில் தொங்குகிற சீட்டுகளில் இந்த வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது. இதை இலக்கணமாகவே பார்ப்போமே. உந்துதல் பெற்றது யார்? துணியா, கம்பெனியா, வடிவமைப்பாளரா? தெரியாது. கொடுத்தது யார்? ‘மரபு’. மரபுக்குக் கையும் கிடையாது, வயிறும் கிடையாது. கூலி கேட்டு வந்து வாசலில் நிற்காது. ஊசி பிடித்த பெண் அந்த வாக்கியத்துக்குள் எங்குமே இல்லை.

இதற்கு நம் வட்டாரத்தில் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறோம். சடங்கிலும் வாழ்விலும் உயிரோடிருந்த கலையைச் சந்தை பிய்த்தெடுத்துப் பண்டமாக்கிவிட்டது. மூலம் தூய்மையானது, விற்பனைக்கு வந்தது போலி. கேட்பதற்கு முற்போக்காகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால், கடைச்சீட்டும் இதே தூய மூலத்தைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறது என்பது புரியும். விற்பவனும் விமர்சகனும் ஒரே தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள். ஒருவன் பிரசாதம் விற்கிறான், மற்றவன் தீட்டுப் பார்க்கிறான். ஹ்மோங் பெண்களின் துணி இந்த இரண்டு கதையாடல்களுக்கும் அடங்காதது என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஹ்மோங் மக்கள் தென் சீனத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் லாவோஸ், வியட்நாம் மலைகளுக்கும் பிறகு தாய்லாந்துக்கும் இறங்கி வந்தவர்கள். போன இடமெல்லாம் சிறுபான்மை. பெண்களின் ஊசிவேலைக்கு அவர்கள் மொழியில் பாந்தாவ் என்று பெயர். ‘பா’ என்றால் பூ, ‘ந்தாவ்’ என்றால் துணி: பூத்துணி. மேல்துணியை வெட்டி, ஓரத்தை மடித்து, அடித்துணியின் நிறம் தெரியும்படி கண்ணுக்குத் தெரியாத தையல் போடுவது ஒரு முறை. குறுக்குத் தையல் ஒரு முறை. கஞ்சாச் செடியின் தண்டு நாரில் நெய்த துணியில் (புகைக்க அல்ல, உடுக்க) மெழுகால் கோடு இழுத்து அவுரியில் முக்குவது இன்னொன்று. நத்தை ஓடு, யானைக் காலடி, ஆட்டுக்கொம்பு என்று வடிவங்களுக்குப் பெயருண்டு. புத்தாண்டு உடையிலும், பிள்ளையை முதுகில் கட்டும் துணியிலும் இவை வரும். சாவிலும் வரும். இறந்தவரின் தலைக்கடியில் வைப்பதற்கென்று தைக்கப்படும் சதுரத் துணியும் பூத்துணிதான். சோபாவில் சாய்ந்துகொள்ளும் உறையாக ஒரு சதுரம் மாறும்போது அதற்கு முன்னால் ஒரு பிணத்தின் தலை இருந்திருக்கிறது என்பதைச் சீட்டு சொல்வதில்லை.

சரி, இதுதான் மூலம், இங்கேயே நின்றுகொள்ளலாம் என்றால் வரலாறு விடவில்லை. 1960களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவின் சிஐஏ லாவோஸில் வாங் பாவோவின் தலைமையில் ஹ்மோங் ஆண்களை, கடைசிக் காலத்தில் பையன்களையும், ரகசியப் படையாக வைத்துப் போரிட்டது. 1964 முதல் 1973 வரை அந்தச் சிறிய நாட்டின்மேல் 5,80,000 முறை விமானங்கள் பறந்து இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. 1975 மே மாதம் லாங் தியெங் தளம் விழுந்தது. அதிகாரிகளுக்கும் குடும்பங்களுக்கும் விமானம் வந்தது; மற்றவர்கள் நடந்தார்கள், மூங்கில் தெப்பத்திலும் டயர் ட்யூபிலும் மேகாங் ஆற்றைக் கடந்தார்கள். கடக்க முடியாமல் போனவர்கள் கணக்கில் வரவில்லை.

தாய்லாந்தின் லோய் மாகாணத்தில் பான் வினாய் என்ற அகதி முகாம் 1975இலிருந்து 1992வரை இருந்தது. உழுது பிழைத்த சனங்களுக்கு அங்கே உழ நிலமில்லை. விற்க இருந்தது தையல் மட்டும்தான். இந்த முகாம்களில்தான், 1970களின் பின்பாதியில், ‘கதைத்துணி’ என்ற புது வகை பிறந்தது. பழைய பூத்துணியில் மனித உருவம் கிடையாது, வடிவங்கள் மட்டுமே. கதைத்துணியில் மனிதர்கள் வந்தார்கள்: சோளம் இடிக்கிறார்கள், பன்றிக்குத் தீனி வைக்கிறார்கள், பிறகு விமானம், துப்பாக்கிக்காரர்கள், ஆறு, முகாம். பள்ளிக்கூடம் பார்த்த ஆண்கள் பலர் உருவங்களை வரைந்து கொடுத்தார்கள், பெண்கள் நூலால் நிரப்பினார்கள். சில துணிகளில் ஆங்கில வரிகளும் தைக்கப்பட்டன, வாங்குகிறவன் வாசிக்கவேண்டுமே! ஆக, ஹ்மோங் மரபு என்று இன்று அருங்காட்சியகங்கள் பெருமையாக மாட்டி வைத்திருப்பதில் முக்கியமான ஒன்று போரும் முகாமும் சந்தையும் சேர்ந்து பெற்ற குழந்தை. சந்தை இல்லாவிட்டால் இந்தச் சாட்சியமே இல்லை. சந்தை கலையைக் கொன்றது என்று ஒற்றை வரியில் தீர்ப்பெழுதுகிற தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் திணறத்தான் வேண்டும்.

திணறியபிறகு சந்தைக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கவும் வேண்டியதில்லை. முகாம் துணிகளை விற்றுக்கொடுத்தவர்களில் நிவாரண அமைப்புகளும் மிஷனரிகளும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் ஹ்மோங் பெண்களுக்குப் பிடித்த பளீர் இளஞ்சிவப்பும் எலுமிச்சைப் பச்சையும் அமெரிக்க வரவேற்பறைக்கு ஒவ்வாது என்று யோசனை வந்தது. மங்கலான நீலம், பழுப்பு, அடர்சிவப்பு என்று நூலும் துணியும் மாறின. தலையணை உறை அளவு, சுவரில் மாட்டும் அளவு, கட்டிலில் விரிக்கும் அளவு என்று துணியின் அளவையும் அந்த வீட்டுச் சாமான்கள் தீர்மானித்தன. குண்டு விழுந்த கிராமம் சோபாவின் நிறத்துக்குப் பொருந்திவர வேண்டியிருந்தது. அதிகாரம் இங்கே தடைபோடும் ரூபத்தில் வரவில்லை. ரசனை என்ற ரூபத்தில், ‘இது விற்கும்மா’ என்ற அன்பான குரலில் வந்தது.

இயந்திர மறுஉற்பத்தியில் கலைப்படைப்பின் ஒளிவட்டம் மங்கிப்போகும் என்று வால்டர் பெஞ்சமின் 1930களில் எழுதினார். இங்கே தலைகீழாக இருக்கிறது. ஒளிவட்டமே தனியாகத் தயாராகிச் சீட்டாகக் கட்டித் தொங்கவிடப்படுகிறது. துணி எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம்.

இதன் உச்சம் பென்சில்வேனியாவில் நடந்தது. அங்கே லாங்காஸ்டர் மாவட்டத்தில் ஆமிஷ் என்ற பழைமைவாதக் கிறித்தவச் சமூகம் இருக்கிறது. மின்சாரக் கம்பி, கார் வேண்டாம் என்று வாழ்பவர்கள். அவர்களது ‘க்வில்ட்’ என்கிற அடுக்குத் தையல் போர்வை நவீனத்தின் கறைபடாத கைவேலை என்று புகழ்பெற்றது. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் க்வில்ட்டுகளைச் சுவரில் மாட்டி நவீன ஓவியம்போலக் காட்டியபிறகு இந்தத் துணிகளுக்கு மவுசு ஏறிற்று. இத்தனைக்கும் ஆமிஷ் பெண்கள் இந்தக் கலையை அக்கம்பக்கத்து ஆங்கிலேயரிடமிருந்து எடுத்துக்கொண்டதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். தேவை பெருகியது, கை போதவில்லை. மென்னோனைட் சபையார் ஆதரவில் அதே மாவட்டத்தில் குடியேறியிருந்த ஹ்மோங் அகதிப் பெண்கள், 1980களிலிருந்து, துணி வெட்டி மடித்துத் தைக்கும் அந்த நுணுக்கமான பகுதியைச் செய்யத் தொடங்கினார்கள். பூத்துணிக்குப் பழகிய விரல்களுக்கு அது புதிதல்ல. சுற்றுலாப் பயணி ஆமிஷ் கிழவியின் கைத்தடத்தை வாங்குவதாக நினைத்துக்கொண்டு லாவோஸ் மலைப்பெண்ணின் கைத்தடத்தை வாங்கிப் போனார். கடைகளும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பிறகு செய்தி கசிந்தபோது ஏமாற்றப்பட்டோம் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. யாருக்கய்யா நஷ்டம்? தையலில் குறையில்லை. வருத்தப்பட்டவர்களுக்கு நஷ்டமானது ஒரு தூய்மை பற்றிய கனவு. பெயர் இழந்தவள் வேறொருத்தி. முகாமில் விற்க ‘ஹ்மோங்’ என்ற அடையாளம் தேவைப்பட்டது, லாங்காஸ்டரில் விற்க அதே அடையாளத்தை மறைக்கத் தேவைப்பட்டது. எங்கே காட்டுவது, எங்கே மறைப்பது என்று முடிவு செய்தது இரண்டு இடத்திலும் அவள் அல்ல.

சட்டம் காப்பாற்றும் என்கிறார்கள். 2019இல் இத்தாலிய மாக்ஸ் மாரா நிறுவனம் லாவோஸின் ஓமா மக்களுடைய பூவேலை வடிவங்களைத் துணியில் அச்சடித்து விற்றதாக லுவாங் பிரபாங்கில் உள்ள இனவியல் மையம் பகிரங்கமாகக் குற்றம்சாட்டியது. அதே ஆண்டு மெக்சிகோவின் பண்பாட்டு அமைச்சகம் லூயி வுய்த்தோன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது, ஒரு நாற்காலிக்காக. இடால்கோ மாநிலத்து ஓத்தோமி மக்களின் தெனாங்கோ பூவேலை அந்த நாற்காலியில் இருந்தது. விலை 18,000 டாலருக்கு மேல். தெனாங்கோ வேலையும் 1960களின் வறட்சியில், விளைச்சல் பொய்த்தபோது விற்பதற்கென்று உருவெடுத்ததுதான். 2022இல் மெக்சிகோ பூர்வகுடிகளின் பண்பாட்டு உடைமைக்கென்று தனிச்சட்டமே போட்டது. வரவேற்கலாம். ஆனால் ‘தொன்மை’யை நிரூபித்தால்தான் உரிமை என்று எந்தச் சட்டமும் கேட்க ஆரம்பித்தால், பஞ்சத்தில் பிறந்த தெனாங்கோவும் முகாமில் பிறந்த கதைத்துணியும்தான் முதலில் வெளியே நிற்கும். பூர்வீகச் சொத்துக்குத்தான் பட்டா, உழைத்துச் சேர்த்ததற்கு இல்லை என்கிற மாதிரி.

ஹ்மோங்குகளிடம் ஒரு கதை உண்டு. சீனத்தில் அவர்களது எழுத்து தடைசெய்யப்பட்டபோது பெண்கள் எழுத்துகளைத் துணியின் வடிவங்களுக்குள் ஒளித்து வைத்தார்களாம். காலப்போக்கில் வாசிக்கத் தெரிந்தவர்கள் போய் வடிவம் மட்டும் மிஞ்சிற்றாம். வரலாறா என்று கேட்டால் சொல்லமுடியாது. ஆனால் இப்படிச் சொல்லிக்கொள்கிற சமூகம் தன் பூத்துணியை அலங்காரம் என்று கருதவில்லை என்பது தெளிவு. 1988இல் சாலி பீட்டர்சன் என்ற ஆய்வாளர் கதைத்துணியை அனுபவத்தின் மொழிபெயர்ப்பாக வாசித்து எழுதினார். அப்படி வாசிக்கப்பட்டவை எத்தனை, மேலே சாய்ந்து தேய்க்கப்பட்டவை எத்தனை!

இப்போது சியாங் மாயிலும் வியட்நாமின் சாப்பாவிலும் வேறொன்று நடக்கிறது. பெண்கள் உடுத்திப் பழசான நார்ப் பாவாடைகள் விலைக்கு வாங்கப்பட்டு, மடிப்பு பிரித்து, வெட்டி, தலையணை உறையாகவும் கட்டில் விரிப்பாகவும் நகரத்துக்குப் போகின்றன. பழசாக இருக்க இருக்க ‘அசல்’. அந்தப் பாவாடையின் வடிவங்களையே அச்சடித்த பாலியஸ்டர் பாவாடை சீன ஆலைகளிலிருந்து வந்து இறங்குகிறது. ஹ்மோங் பெண்கள் புத்தாண்டுக்கு அதை உடுத்துகிறார்கள், படமெடுக்க வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நார்ப் பாவாடை வேண்டுமானால் விதை போடுவதிலிருந்து தொடங்கவேண்டும். தண்டை உரித்து, நடக்கும்போதுகூட நாரை முறுக்கி முடிந்து, நெய்து, மெழுகிட்டு, அவுரியில் திரும்பத் திரும்ப முக்கி, நூற்றுக்கணக்கான மடிப்பைக் கையால் பிடிக்கவேண்டும். மாதக்கணக்கில் ஆகும். பாலியஸ்டரைத் துவைத்து உதறினால் மடிப்பு கலையாமல் அப்படியே நிற்கிறது, அவளுக்குப் பிடித்த அந்தப் பளீர் இளஞ்சிவப்பிலும் கிடைக்கிறது.