வரவேற்புக்கு ஏன் விலை?

ராகிங் வேறு, இன்ட்ரோ வேறு என்ற வாதம் ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும்போது தவறாமல் எழுகிறது. சீனியர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களில் புதியவர்களை மிரட்டுவதும் ராகிங்தான், அவற்றைக் கல்லூரிகள் கண்காணிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் யுஜிசி சொன்ன பிறகு அந்த வாதம் இன்னும் உரத்துக் கேட்கிறது. அடிப்பதும் பணம் பறிப்பதும் தவறு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பெயர், ஊர், படித்த பள்ளி கேட்பதும், ஒரு பாட்டுப் பாடச் சொல்வதும், சில வாரங்களுக்கு ‘அண்ணா’ என்று கூப்பிட்டு வணக்கம் வைக்கச் சொல்வதும் உறவின் தொடக்கம் அல்லவா என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர்களில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், பெற்றோரும் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் வாதம் என்பதால்தான் இதற்குப் பதில் தேவைப்படுகிறது.

சீனியர் உறவின் பயனை யாரும் மறுக்க முடியாது. எங்கள் காரைக்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய நிலப்பகுதி. ஆனால் 1987-ல் தொடங்கிய பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி, 2010-ல் வந்த தேசியத் தொழில்நுட்பக் கழகம் (என்.ஐ.டி.), 2016-ல் வந்த ஜிப்மர் கிளை எல்லாம் இங்கே இருக்கின்றன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு துண்டுகளும் இந்த வகுப்பறைகளில்தான் சந்திக்கின்றன. மாஹேயிலிருந்து வருபவரின் வீட்டு மொழி மலையாளம். கோதாவரிக் கழிமுகத்து ஏனாமிலிருந்து வருபவருக்குத் தெலுங்கு. என்.ஐ.டி. இடங்களில் பாதி வெளிமாநிலத்தாருக்கு. முதல் வாரத்தில் எந்த பஸ்ஸில் ஏறுவது, ரெக்கார்டு நோட்டை எப்படி எழுதுவது, உதவித்தொகைக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிப்பது என்று சொல்லித்தரும் முதல் ஆள் சீனியர்தான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைக்கு அந்த ஆள் தெய்வம் மாதிரி. கூச்சம் தெளிந்தவர்கள் உண்டு. வாழ்நாள் நண்பர்களானவர்களும் உண்டு.

இவற்றில் எது இன்ட்ரோவால் கிடைத்தது? பஸ் எண்ணைச் சொல்வதற்கு முன் பாடவைக்க வேண்டியதில்லை. பழைய வினாத்தாளைக் கொடுப்பதற்கு முன் தலைகுனிய வைக்க வேண்டியதில்லை. உதவி ஒரு காரியம், பணியவைப்பது இன்னொரு காரியம். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்து, உதவியின் பெருமையைப் பணியவைத்தலுக்கும் வாங்கித்தந்ததுதான் இந்த வழக்கத்தின் சாமர்த்தியம். என் ஆட்சேபம் இங்கேதான் இருக்கிறது. கல்லூரிக்குள் நுழைந்தவுடன் ஒரு மாணவருக்கு உரிமையாகச் சேர வேண்டிய தகவலும் துணையும் மரியாதையும், பணிந்தால் கிடைக்கும் பரிசாக மாற்றப்படுகின்றன. ஊர்ப் பொதுக் குளத்தின் படித்துறையில் நின்றுகொண்டு தண்ணீர் எடுக்க வருபவரிடம் கூலி கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

கேட்கப்படும் கேள்விகளையே பாருங்கள். “பேர் என்ன, எந்த ஊர், ஊர்ல எந்தத் தெரு?” காவிரி டெல்டாவில் வளர்ந்த யாருக்கும் மூன்றாவது கேள்வி எதற்கு என்று தெரியும். இங்கே தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். அப்பா என்ன வேலை என்று கேட்டால் வீட்டு வருமானம் தெரிந்துவிடும். எந்தப் பள்ளி என்று கேட்டால் தமிழ்வழியா ஆங்கிலவழியா என்பது வந்துவிடும். இரண்டு நிமிட அறிமுகத்தில் ஒருவரை எந்தப் படியில் நிறுத்துவது என்பது முடிவாகிவிடுகிறது. பிறகு கிடைக்கும் உதவியும் அந்தப் படிக்கு ஏற்றபடிதான். 2016-ல் யுஜிசி தன் விதிகளைத் திருத்தியபோது சாதி, மதம், நிறம், மொழி, பிறந்த இடம், பொருளாதார நிலை ஆகியவற்றைச் சுட்டி இழிவுபடுத்துவதையும் ராகிங் என்று சேர்த்தது. அந்தத் திருத்தத்தைப் படித்தவர் யாரும் இந்தக் கேள்விகளை வெறும் விசாரிப்பு என்று சொல்லமாட்டார்.

“அவன் சிரித்துக்கொண்டேதானே பாடினான், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே” என்பது அடுத்த வாதம். பதினெட்டு வயதில், வீட்டைவிட்டு முதன்முறையாக வந்து, இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் அதே ஹாஸ்டலில் அதே மெஸ்ஸில் அதே முகங்களோடு வாழ வேண்டிய ஒருவர், தன் அறைவாசலில் ஐந்து சீனியர்கள் நிற்கும்போது காட்டும் சிரிப்பு எதற்குச் சான்று? மறுத்தால் ‘திமிர் பிடித்தவன்’ என்ற பெயர் மறுநாளே பரவும். சில இடங்களில் ஒருவர் மறுத்ததற்கு அந்த பேட்ச் முழுவதும் தண்டனை அனுபவிக்கும். மறுக்க வழியில்லாத இடத்தில் சம்மதம் என்று ஒன்று இல்லை.

இதைச் சட்டம் எப்போதோ புரிந்துகொண்டது. இன்றும் காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவும் குடியுரிமையும் உள்ள பிரான்சில், புதிய மாணவர்களை இழிவுபடுத்தும் சடங்குகள் 1998-ல் குற்றமாக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர் விரும்பி உட்பட்டாலும் விரும்பாமல் உட்பட்டாலும் குற்றம் குற்றமே என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது; ஆறு மாதம் வரை சிறை. நம் யுஜிசியின் 2009 விதிகள் இன்னொரு சாக்கை அடைத்தன: வக்கிர இன்பம் பெறும் நோக்கமோ அதிகாரத்தைக் காட்டும் நோக்கமோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ராகிங்தான். ‘சம்மதித்தான்’, ‘விளையாட்டாகச் செய்தோம்’ என்ற இரண்டு பதில்களும் இத்துடன் முடிந்துபோயிருக்க வேண்டும்.

முடியாமல் போனதற்கு நாவரசு கொலையை நாம் நினைவில் வைத்திருக்கும் விதமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1996 நவம்பரில், காரைக்காலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கீழமை நீதிமன்றம் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. அந்தக் கொடூரம் தமிழ் மக்கள் மனத்தில் ராகிங்கின் அளவுகோலாகவே ஆகிவிட்டது. அதற்குக் கீழே உள்ள எதுவும் பிறகு சின்ன விஷயமாகத் தெரிகிறது. கொலை நடக்கவில்லை என்பதே நற்சான்றாகிவிடுகிறது.

உயிர்போக அடி விழ வேண்டியதில்லை. 1997-ல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ், சீனியர்கள் செய்யவைத்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு ஆண்டே அந்த நாடு பகிடிவதைத் தடைச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் சகோதரக் குழுக்களில் மாணவர்கள் தாமே விரும்பி, வரிசையில் நின்று சேர்கிறார்கள். 2017-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்படிச் சேரவந்த பத்தொன்பது வயது திமோத்தி பியாட்சா, சேர்க்கைச் சடங்கில் கொஞ்ச நேரத்துக்குள் மிதமிஞ்சிக் குடிக்கவைக்கப்பட்டார். படிக்கட்டில் விழுந்து அடிபட்டார். ‘சகோதரர்கள்’ மறுநாள் காலையில்தான் உதவிக்கு அழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை. பணிந்த பிறகு தரப்படுவதாகச் சொல்லும் சகோதரத்துவம், தேவைப்பட்ட அந்த இரவில் எங்கே போனது?

இந்த வழக்கத்தின் ஆகக் கொடிய விளைவு, அதில் அவதிப்பட்டவரே அதன் அடுத்த காவலராவது. முதலாண்டில் இரவெல்லாம் அழுதவர் இரண்டாமாண்டில் முன்வரிசையில் நிற்கிறார். “நாங்க படாததையா இவங்க படுறாங்க” என்று சொல்கிறார். தான் கொடுத்த விலைக்கு அர்த்தம் இருந்தது என்று அவர் தனக்கே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரே வழி, அதே விலையை வேறொருவரிடம் வாங்குவது. அதனால் மென்மையான இன்ட்ரோ என்று தனியாக ஒன்று இருப்பதாக நான் ஏற்கவில்லை. இந்த ஆண்டு பாட்டோடு நிற்பது அடுத்த ஆண்டு எதோடு நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பணியவைக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு, அளவு அவருடைய மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது.

மாற்று வழி தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஆறு புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி என்ற ஏற்பாடு 2009 விதிகளிலேயே இருக்கிறது. முதலாண்டு மாணவர்களுக்கு இயன்றவரை தனி ஹாஸ்டல் பகுதி, ஆசிரியர்கள் முன்னிலையில் சீனியர், ஜூனியர் சந்திப்பு என்பவையும் அதில் உண்டு. நம் கல்லூரிகள் பல, மாணவரிடமும் பெற்றோரிடமும் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைப்பதோடு கடமை முடிந்ததாக நினைக்கின்றன. பழைய வினாத்தாளும் மாதிரி ரெக்கார்டும் துறை நூலகத்தில் எல்லாருக்கும் கிடைக்கட்டும். ஏனாம் மாணவருக்குத் தெலுங்கு தெரிந்த சீனியரையும் மாஹே மாணவருக்கு மலையாளம் தெரிந்தவரையும் கல்லூரியே நியமித்து, பொறுப்பையும் பெயரையும் பலகையில் எழுதட்டும். உதவி பொதுவாகிவிட்டால் அதற்கு விலை சொல்ல யாருக்கும் இடமிருக்காது.

இதெல்லாம் நிர்வாகம் செய்ய வேண்டியவை. நிர்வாகம் செய்யும்வரை மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தான் பட்டதை இன்னொருவர் படாமல் பார்த்துக்கொள்ள இரண்டாமாண்டு மாணவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. ஒரு பேட்ச் முடிவெடுத்தால் அந்த ஆண்டோடு இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.