அச்சில் ஏறிய அம்மன்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்கள் பூஜை போட்டு, வரும் ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடும். புரட்டினால் தாமரையில் லட்சுமி, கிளியோடு மீனாட்சி, கரும்பு வில்லோடு காமாட்சி. அதே ஆடியில் சாத்தூரை அடுத்த இருக்கன்குடிக்குக் கடைசி வெள்ளியைக் கணக்குப் பண்ணி ஊர் ஊராக நடந்து போகிறார்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கும் மாரியம்மனுக்குக் கண்மலர் செலுத்துகிறார்கள்.

இருக்கன்குடி அம்மன் கிடைத்த கதையை அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். சாணம் பொறுக்க வந்த ஒரு பெண் கூடையைக் கீழே வைத்தாள். திரும்ப எடுக்க முடியவில்லை. அவள் மேல் அருள் வந்தது, தோண்டினார்கள், அம்மன் இருந்தாள். தாய்த்தெய்வத்தை முதலில் கண்டவள் உழைக்கும் பெண் என்பதே அந்தக் கதையின் உயிர். காலண்டர் அம்மன் பிறந்த கதையில் அப்படி ஒருத்தியைத் தேடினால் கிடைப்பதில்லை. அச்சு அம்மனின் பலத்தையும் குறையையும் பேச இதுவே சரியான தொடக்கம்.

பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கமுதி மீனாட்சி கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. சிவகாசியில் விசுவநாத சுவாமி கோயில் நுழைவுப் பிரச்சினை 1899 கலவரத்தில் போய் முடிந்தது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்ததும் காலண்டர் வந்தது. கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்களின் ஊரே மீனாட்சியை லட்சக்கணக்கில் அச்சடித்து நாடெங்கும் அனுப்பியது. குடிசைச் சுவரில் ஓர் ஆணி அடித்தால் போதும், யாரிடமும் அனுமதி கேட்காமல் அம்மன் வந்துவிடுவாள். இதைவிட அமைதியான ஆலயப் பிரவேசம் வேறு இல்லை.

ஆனால் வந்தவள் எந்த அம்மன்?

காலண்டர் ஓவியத்துக்கு இலக்கணம் வகுத்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டியின் கொண்டையராஜு. நாடக மேடைத் திரைகள் வரைந்த கை அது. அவருடைய சீடர்களும் அதே வழியில் வரைந்தார்கள். ரோஜா நிறக் கன்னம், பட்டு, கனத்த நகை, மேடை வெளிச்சத்தில் நிற்பதுபோன்ற நேர்ப்பார்வை. அழகில் குறையில்லை. ஆனால் கரிசல் காட்டு அம்மன் நடுகல்லாகவும், வேப்பங்குழை செருகிய கரகமாகவும் இருப்பவள். பிடித்தால் பெரியம்மை, இறங்கினால் மழை என்று ஊர் அஞ்சி வணங்கியவள். அந்த உக்கிரத்துக்கு ஆல்பத்தில் பக்கம் ஒதுக்கப்படவில்லை. சாந்த முகம் விற்றது. அதுவே எல்லாப் பெண் தெய்வங்களின் முகமாகவும் ஆனது. அண்மைக் காலமாக மூலவர் புகைப்படத்தையே போடும் காலண்டர்கள் வருவது நல்ல மாற்றம்.

அச்சுத்தாள் தெய்வத்துக்கு முகம் கொடுப்பது இங்கே மட்டும் நடந்ததில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் நீர்த்தாய் மாமி வாட்டாவின் இன்றைய உருவம், 1880களில் ஹாம்பர்க்கில் அச்சான ஒரு பாம்பாட்டிப் பெண்ணின் விளம்பரப் படத்திலிருந்து வந்தது. அதே படத்தை 1955இல் பம்பாயில் ஒரு காலண்டர் கம்பெனி 12,000 பிரதிகள் அச்சடித்துக் கானாவின் குமாசிக்கு அனுப்பியதை ஆய்வாளர் ஹென்றி ஜான் ட்ரூவல் பதிவு செய்திருக்கிறார். நம் தத்தாத்ரேயர் படமும் கடல் கடந்து, டென்சு என்ற மூன்று தலை நீர்த்தெய்வமாகப் பூஜை பெறுகிறது. ஆனால் அங்கே வழிபடுவோர் வந்த படத்துக்குத் தங்கள் கதையை ஏற்றிக்கொண்டார்கள். இங்கே படம் தன் கதையை நம் அம்மன்கள் மேல் ஏற்றிவிட்டது.

நைஜீரியாவின் இக்போ மக்கள் முன்பு நிலத்தாய் அலாவுக்கு 'ம்பாரி' என்ற மண் மண்டபம் கட்டுவார்கள். கட்டி முடித்ததும் பராமரிக்க மாட்டார்கள். மழையில் கரைய விட்டுவிடுவார்கள். செய்வதுதான் அங்கே வழிபாடாக இருந்தது. விருதுநகர் மாவட்டப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விரதமிருந்து, இருட்டறையில் முளைப்பாரி வளர்த்து, கும்மி கொட்டி, தலையில் சுமந்து போய்க் கண்மாயில் கரைத்துவிட்டு வருபவர்கள் அவர்கள். மண், விதை, நீர், வளர்ப்பு என்று தாய்மையின் குறியீடு முழுவதும் பெண்களின் கையாலேயே உருவாகிறது. காலண்டர் அம்மனிடம் அவர்களுக்கு மிஞ்சியது பார்ப்பது மட்டும்.

சிவகாசியின் பட்டாசில் இந்த இடைவெளி இன்னும் கடுமையாகிறது. லட்சுமி வெடியின் மேல் லட்சுமி படம். வெடித்ததும் அந்த முகம் துண்டு துண்டாகத் தெருவில் மிதிபடுகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. அது நியாயமான வருத்தம்தான். ஆனால் அந்த வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுபவளும் சரம் பின்னுபவளும் லேபிள் ஒட்டுபவளும் பெண்தான். எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில், மருந்துத் தூளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருக்கிறாள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களைப் பறித்த வெடிவிபத்து நடந்த ஆலை, சக்தியின் பெயரைத் தாங்கியிருந்தது. படம் கிழிவதற்கு எழுந்த குரல் அளவுக்காவது, அந்தப் படத்தை ஒட்டும் விரல்களுக்காக எழ வேண்டாமா?

மார்கழியில் தாளெல்லாம் கிழிந்து வெறும் அட்டை மிஞ்சும். அதைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. வீட்டுப் பெண்கள் கொண்டுபோய் வேப்பமரத்தடியில், பழைய அம்மன் கல்லுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கிறார்கள். தை வெயிலில் சிவப்பு முதலில் வெளிறுகிறது. அடுத்த மழைக்குள் அட்டை மண்ணோடு ஊறிப் போகிறது.