துணையோடு வரும் பொதி

பைத்தானில் நம்பை (NumPy) என்ற எண்கணித நூலகத்தை நிறுவ இன்று ஒரே கட்டளை போதும். அந்த எளிமைக்குப் பின்னால் இருக்கும் பொதிகட்டும் கலை மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. நம்பையின் மேட்ரிக்ஸ் பெருக்கலைச் செய்வது பெரும்பாலும் ஓப்பன்பிளாஸ் என்ற தொகுக்கப்பட்ட நூலகம். பயனரின் லினக்ஸில் அது இருக்குமா, எந்தப் பதிப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் 'வீல்' எனும் ஜிப் கோப்பு, பயணத்துக்குக் கட்டுச்சோறு எடுப்பதுபோல, நூலகத்தையும் தன்னோடு கொண்டுவருகிறது.

என்னைக் கவர்வது ஆடிட்வீல் கருவியின் நேர்த்தி. தேவையான நூலகங்களைக் கண்டெடுத்துப் பொதிக்குள் வைக்கிறது. வேறு பொதியிலுள்ள அதே நூலகத்தோடு மோதாதிருக்க, கோப்புப் பெயரில் ஒரு ஹாஷைச் சேர்க்கிறது. தேடும் பாதையையும் பொதிக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியை (glibc) மட்டும் தொடுவதில்லை. அது பயனரின் கணினியிலேயே இருப்பது. பழைய ஜிலிப்சியில் தொகுத்தது புதியதிலும் ஓடும் என்பதால், வேண்டுமென்றே பழைய சூழலில் தொகுக்கிறார்கள். லினக்ஸ் வீல்களுக்காக 2016-இல் வகுத்த மெனிலினக்ஸ்1 (manylinux1) தரநிலைக்கு அடிப்படை சென்ட்ஓஎஸ் 5, ஜிலிப்சி 2.5.

நூலகத்தில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் பொதியை மறுபடி கட்ட வேண்டும். அந்த உழைப்பைப் பராமரிப்பாளர்கள் ஏற்கிறார்கள். பழைய கணினி வைத்திருப்பவரையும் கைவிடாத இந்த அக்கறைதான் நல்ல பொறியியல்.