கேட்போர் யார்?

பல்கலைக்கழகம் தன் வகுப்பறைக் கதவைத் திறந்துவிட்டது என்று இன்று பெருமையுடன் பேசப்படுகிறது. கேமராவின் முன் நின்று பேராசிரியர் பாடம் சொல்கிறார். அவ்வுரை காணொளியாகவும், பாட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடராகவும் கைப்பேசி உள்ள எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நன்று. ஆனால் ஓர் உரையைத் திறனாய்வு செய்யப் புகுவோர், அது கிடைக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிட இயலாது. தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புகளை எண்ணிச் சொல்லும்போது கூற்றை அடுத்துக் கேட்போரையும், கேட்போரை அடுத்துக் களத்தையும் வைத்தார். சொல்பவர் யார் என்பதைப் போலவே, கேட்பவர் யார், எந்த இடத்தில் இருந்து கேட்கிறார் என்பதும் படைப்புக்குப் புறம்பானவை அல்ல, அதன் உறுப்புகளே. இந்த அளவுகோலைக் கொண்டு இக்காணொளிகளை அளந்து பார்க்க விரும்புகிறோம்.

முயற்சி புதிதன்று. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 சனவரியில் பி.பி.சி. வழியே பாடம் நடத்தத் தொடங்கியது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்டு 15 அன்று தூர்தர்ஷனில் நாடளாவிய வகுப்பறை நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்த அந்நிகழ்ச்சியை நம் வயதினர் சிலர் நினைவுகூரக்கூடும். அது முடிந்து திரைப்பாடல் எப்போது வரும் என்று காத்திருந்தவர்களும் அவருள் உண்டு. 2001-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப்பொருள்களை உலகுக்குத் திறந்துவிடுவதாக அறிவித்தது. 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2017 சூலையில் நடுவண் அரசின் ‘ஸ்வயம்’ தளம் வந்தது.

இவற்றால் விளைந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது அறமாகாது. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் படிக்கும் ஏழை வீட்டுப் பெண்ணுக்குச் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரின் பாடம் இரவு பத்து மணிக்கு வீட்டுத் திண்ணையில் கிடைக்கிறது. நுழைவுத் தேர்வில் வெல்ல முடியாதவருக்கும் அதே பாடம் கிடைப்பது சிறிய செய்தியன்று.

உரைகளுக்குள் தரவேறுபாடு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் வி. பாலகிருஷ்ணன் நடத்திய இயற்பியல் உரைத்தொடர்கள் உலகெங்கும் விரும்பிக் கேட்கப்படுகின்றன. அவற்றின் சிறப்புக்குக் காரணம் அவரது புலமை மட்டுமன்று. அவர் முன்னே மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்கள், ஐயம் கேட்கிறார்கள், அவர் நிறுத்துகிறார், யோசிக்கிறார், கரும்பலகையில் மீண்டும் எழுதுகிறார். காணொளியைப் பார்க்கும் நாமும் அம்மாணவரிடையே ஒரு கடைசி இருக்கையில் இடம்பெறுகிறோம். இதற்கு மாறாக, ஆளில்லாத ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையில் ஓடும் எழுத்துகளை வரிவரியாக வாசித்துச் செல்லும் உரைகள் பல. அங்கே கூற்று உண்டு, கேட்போர் இல்லை. காலியான கோவிலில் மறையுரை பயின்று பார்த்த எவருக்கும் அக்குரலின் வறட்சி விளங்கும். அதே உரையைப் படம் நீக்கி ஒலித்தொடராக வெளியிடும்போது, “இங்கே பாருங்கள்” என்று அவர் சுட்டும் கோட்டை நாம் எங்கே போய்ப் பார்ப்பது?

எனினும் நம் முதன்மையான குறை இதுவன்று. நல்ல உரையாயினும் அதன் கேட்போர் தேர்வு எழுதும் மாணவரே. என்.பி.டி.இ.எல். பாடங்கள் வாரக்கணக்கில் பகுக்கப்பட்டு, வாரந்தோறும் ஒப்படைப்பு, முடிவில் கட்டணத்தேர்வு, சான்றிதழ் என்று அமைந்துள்ளன. மாணவருக்கு அது பொருத்தமே. ‘பொதுமக்களுக்குப் பகிர்கிறோம்’ என்று சொல்லும்போதுதான் சிக்கல் எழுகிறது. வகுப்பைப் பலர் காணத் திறந்துவைப்பது வேறு. பலருக்குக் கற்பிப்பது வேறு.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல், தொழில்நுட்ப மையம் இயங்குகிறது. பல்கலைக்கழகம் இங்கே அலைபேசித் திரையில் மட்டும் இல்லை, கட்டடமாகவே நிற்கிறது. அருகிலேயே துறையில் மீனவர் குடியிருப்பு. அம்மக்கள் கடலிடமிருந்து கற்றதும், கடலைப் பற்றி நூல்கள் சொல்வதும் ஒரே ஊரில் உள்ளன.

இக்கடற்கரை ஊர்கள் பலவற்றின் நீண்டநாள் கோரிக்கை தூண்டில் வளைவு. கடலரிப்பு வீடுகளை விழுங்கும்போது, கரையிலிருந்து கடலுக்குள் கற்களைக் கொட்டி நீட்டும் இவ்வமைப்பையே மக்கள் அரசிடம் கேட்கிறார்கள். அது என்ன செய்யும் என்பதைக் கடலோரப் பொறியியல் பாடங்கள் தெளிவாகவே விளக்குகின்றன. அலை கரையில் நேராக அன்றிச் சாய்வாக மோதும்போது கரையோரமாக ஓர் ஓட்டம் பிறந்து மணலை ஒரு திசையில் நகர்த்துகிறது. குறுக்கே கற்சுவர் எழுந்தால், மணல் வரும் பக்கத்தில் அது தேங்கிக் கரை வளரும்; மறுபக்கம் வரவேண்டிய மணல் வராமல் கரை தேயும். அலையின் கோணம் பருவத்திற்கேற்ப மாறினால் மணல் நகரும் திசையும் மாறும். ஆகவே ஓர் ஊரைக் காத்த கற்களே அடுத்த ஊரின் மணலைப் பறிக்கலாம். உறவினராய் வாழும் இரண்டு ஊர்கள் பகைகொள்வதற்கு இது போதும். இதனை அறியும் உரிமையும் தேவையும் யாருக்கு உண்டு? கரையில் வீடுள்ளவர்க்கே முதலில் உண்டு. பாடமோ ஆங்கிலத்தில், சமன்பாடுகளின் நடுவே, இணையத்தில் எவரும் பார்க்கலாம் என்ற நிலையில் கிடக்கிறது. அதனைப் பகிரவில்லை என்று சொல்ல முடியாது. பகிர்ந்தது என்றும் சொல்ல நா எழவில்லை.

மொழிபெயர்த்துவிட்டால் குறை தீராதா என்று கேட்பர். என்.பி.டி.இ.எல். தன் பாடவுரைகளைத் தமிழிலும் பெயர்த்து வருகிறது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் மொழிபெயர்ப்பு மொழியை மாற்றுகிறது, கேட்போரை மாற்றுவதில்லை. ‘கரையோர வண்டல் இடப்பெயர்ச்சி’ என்ற தொடரைக் கேட்கும் மீனவர் அது தாம் நாள்தோறும் காண்பதைப் பற்றியது என்று எப்படி உணர்வார்? கடலின் ஓட்டத்திற்கு அவரிடம் நீவாடு என்ற சொல் இருக்கிறது. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுகளுக்குப் பெயர்கள் இருக்கின்றன. அவை வெறும் வட்டாரச் சொற்கள் அல்ல. தலைமுறைகளின் உற்றுநோக்கலுக்கு வைத்த பெயர்கள். கற்பவரின் கொள்ளும் திறனறிந்து பாடம் சொல்லவேண்டும் என்று நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியரைப் பணிப்பதை இங்கே நினைக்கிறோம். விலங்கியல் பேராசிரியராய் இருந்து நெய்தல் மக்களின் வாழ்வைத் தமிழில் எழுதிவரும் குமரிக்கரையின் வறீதையா கான்ஸ்தந்தின் போன்றோர், இச்சொற்களைக் கொண்டே அறிவியல் பேசமுடியும் என்று காட்டியுள்ளனர்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1960-களில் ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 என்னும் நெல்லைத் திருச்சி வானொலி தஞ்சை உழவரிடம் அறிமுகப்படுத்தியது. மக்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டுவிட்டனர். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் அமைந்ததும் நம் நாகர்கோவிலில்தான். அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரியில் தொடங்கிய சமுதாய வானொலி இன்னும் ஒரு படி மேலே சென்றது. வளாகத்தைச் சூழ்ந்த குடியிருப்புகளின் பெண்களே அதன் நிகழ்ச்சிகளில் பங்கேற்றனர். சில கிலோமீட்டர் மட்டுமே எட்டும் அந்த அலைவரிசைக்குத் தன் கேட்போர் யார் என்று தெரிந்திருந்தது. உலகெங்கும் எட்டும் காணொளிக்கு அது தெரியவில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் எழுந்தபோது, அறிந்தவருக்கும் அறியவேண்டியவருக்கும் இடையே உள்ள தொலைவு எத்தகையது என்பதை இம்மாவட்டம் பிணங்களை எண்ணி அறிந்தது. ஆழ்கடலில் இருந்தோரைச் செய்தி எட்டவில்லை, பலர் திரும்பவேயில்லை. அப்புயலுக்கு முன்பே, சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் முயற்சியால் திருவனந்தபுரக் கடற்கரையில் ‘ரேடியோ மான்சூன்’ என்ற சிறு ஒலிச்சேவை நடந்து வந்தது. வானிலைக் கணிப்பை மீனவர் மொழியில், தொலைபேசி வழியாகவும் கரையில் ஒலிபெருக்கி வழியாகவும் சொல்வது அதன் பணி. பாட்காஸ்ட் என்ற பெயருக்கு நாம் கண்டவற்றுள் பொருத்தமானது அதுவே எனலாம்.

கடுமையான பாடத்தை நீர்த்துப்போகச் செய்யச் சொல்கிறீரோ என்று புலமையாளர் சினப்பர். இல்லை. பாலகிருஷ்ணனின் குவாண்டம் இயற்பியல் அவ்வாறே இருக்கட்டும். ஆனால் அதனையே மக்களுக்கான கொடையென்று கணக்கில் எழுதவேண்டா. கேட்போரை மறந்த கொடை எவ்வளவு நிலையற்றது என்பதற்கு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமே சான்று. செவித்திறனற்றோர் பயன்படுத்த இயலாதவாறு, உரிய எழுத்துத் தொடர் இன்றி அதன் காணொளிகள் பல இருப்பதை 2016-இல் அந்நாட்டு நீதித்துறை சுட்டியது. பல்கலைக்கழகமோ 2017 மார்ச்சில் ஏறத்தாழ 20,000 பதிவுகளைப் பொதுப்பார்வையிலிருந்தே நீக்கிற்று. செவியற்றவருக்கு வழி செய்வதைவிட எல்லார்க்கும் கதவடைப்பது அன்று எளிதாயிருந்தது. 2022-இல்தான் நீதித்துறையுடன் உடன்பாடு காணப்பட்டது.

நம் மையத்தைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. ஒரு வேண்டுகோளுடன் எழுதுகிறோம். தூண்டில் வளைவு பற்றிப் பத்து நிமிடப் பாடம் ஒன்று, நீவாடு என்ற சொல்லிலிருந்து தொடங்கட்டும். ஒரு பக்கம் ஆய்வாளரும் மறுபக்கம் முதிய மீனவரும் அமரட்டும். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மணல் ஏறுகிறது என்பதை அவர் சொல்ல, காரணத்தை இவர் சொல்லட்டும். ஒருவரை ஒருவர் மறுப்பதும் பதிவாகட்டும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத மக்கள் நம் மக்கள். அன்று மாலை, இணையத்தில் ஏற்றுவதற்கு முன்பு, துறையின் மணலில் அதனை ஒருமுறை போட்டுக் காட்டலாம். எங்கே எழுந்து போகிறார்கள், எங்கே குறுக்கிட்டுப் பேசுகிறார்கள் என்பதைப் பார்த்தபின் அடுத்த பாடத்தைத் தயாரிக்கலாம்.