குடிமைத் தேசியமும் இனத்துவத் தேசியமும்: பனிச்சங்கேணியை முன்வைத்துச் சில குறிப்புகள்

தேசியம் பற்றிய ஆய்வுகளிற் குடிமைத் தேசியம், இனத்துவத் தேசியம் என்னும் பாகுபாடு நெடுங்காலமாக ஆட்சி செலுத்தி வருகின்றது. ஹான்ஸ் கோன் 1944 இல் வெளியிட்ட நூல் இதற்கு அடித்தளமிட்டது எனலாம். மேற்கில் தேசியம் சட்டத்தையும் குடியுரிமையையும் பற்றி நின்றது. கிழக்கில் அது குருதியுறவையும் பழம்பெருமையையும் நாடியது என்பது அவர் கருத்தின் சாரம். குடியேற்ற நாடுகளை அடக்கியாண்ட அரசுகள் முன்வரிசையில் வைக்கப்பட்டமை தற்செயலன்று.

இப்பாகுபாட்டை இலங்கை வரலாற்றில் உரைத்துப் பார்ப்போம். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எந்த இனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. நாட்டிற் பிறந்தமை மாத்திரம் போதாது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்திருத்தல் வேண்டும் என்றே அது விதித்தது. இதனால் நாடற்றவராகியோர் மலையகத் தோட்டத் தொழிலாளர். 1964 ஒப்பந்தம் அவர்களை 9,75,000 பேரெனக் கணித்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது, எஞ்சியோர் பிற்போடப்பட்டனர். 1947 பொதுத்தேர்தலில் இத்தொழிலாளர் தம் பிரதிநிதிகள் எழுவரைத் தெரிவு செய்ததோடு, வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் துணை நின்றனர் என்பதை நினைவிற் கொண்டால், வம்சாவளி விதியின் வர்க்க உள்ளடக்கம் புலப்படும். குடிமையின் மொழியில் எழுதப்பட்ட சட்டமே பூட்டனின் பிறப்பிடத்தைக் கேட்டது.

நம்மவர் பங்கையும் மறைத்தல் நேர்மையாகாது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து இருமொழிச் சமத்துவத்துக்காக வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வாவே 1972 யாப்பை ஆக்கிய அமைச்சர். பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கிய அந்த யாப்பில், சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு அளித்த காப்பு இடம்பெறவில்லை. குடியரசு என்ற பெயர் குடிமைத் தேசியத்தைக் கொணர்ந்துவிடவில்லை.

தமிழர் தரப்பிலும் இவ்விரு இழைகளும் பின்னியே கிடந்தன. 1949 இல் தோன்றிய தமிழரசுக் கட்சி 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடரைக் கையாண்டது. மொழியை அடிப்படையாகக் கொண்ட அத்தொடரில் முஸ்லிம்களுக்கும் மலையக மக்களுக்கும் இடமிருந்தது. 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானமோ வடக்கு கிழக்கு மக்களின் சமவுரிமையையும், உலகெங்கும் வாழும் ஈழவம்சாவளித் தமிழரின் குடியுரிமையையும் ஒருங்கே பேசியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அத்தொடரின் பரந்த பொருள் நடைமுறையிற் சிதைந்தது.

இங்கேதான் பனிச்சங்கேணி நமக்கு முக்கியமாகின்றது. மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைப் பகுதியில், களப்பையும் கடலையும் அண்டி வாழும் வேடர் தமிழ் பேசுவோர். மீன்பிடியும் சேனைப் பயிரும் அவர்தம் வாழ்வாதாரம். கரையோர வேடரைப்பற்றி செலிக்மன் தம்பதியர் 1911 இலேயே எழுதினர். குடிசன மதிப்பீடுகளில் வேடர் தொகை 1911 இல் ஏறத்தாழ 5,300. 1963 இல் ஏறத்தாழ 400. பின்னர் தனியினமாகவே அவர்கள் காட்டப்படவில்லை. இவ்வீழ்ச்சியை மக்கள் மறைந்ததாகக் கொள்வது பெருந்தவறு. தமிழர், சிங்களவர் என்ற கட்டங்களுள் அவர்கள் பெயர்த்து எழுதப்பட்டமையே இதிற் பெரும்பங்கு வகிக்கின்றது. தேச உருவாக்கத்துக்கு மறதி இன்றியமையாதது என்று றெனன் 1882 இற் கூறினார்; மறக்கப்படுவோர் யார் என்பதை அவர் கிராமத்தளவில் ஆராயவில்லை.

பொதுமொழி, பொதுநிலம், பொதுப் பொருளாதார வாழ்வு, பொதுவான உளவியல் அமைப்பு என்று ஸ்ராலின் 1913 இல் வகுத்த அளவைகளும் இங்கு இடறுகின்றன. மொழியால் இவ்வேடர் தமிழர். நிலத்தால் கிழக்கின் முதுகுடிகள். ஆயினும் 'நாகரிகமற்றோர்' என்னும் இழிநோக்கிற்கு அவர்கள் இலக்காகினர், அயற் தமிழ்க் கிராமங்களிலும். சுயநிர்ணய உரிமையை ஏற்கும் நாம், காடும் களப்பும் யாருடைய முடிவுக்குரியன என்று இம்மக்களிடம் இன்னும் கேட்கவில்லை. காட்டைக் காப்பிடமாக அறிவிக்கும் அரசும், களப்பங்கரையிற் பண்ணை அமைக்கும் முதலீட்டாளனும் அதனைக் கேட்கப்போவதில்லை.