விற்பனைக் கணக்கும் இலக்கிய மதிப்பும்: மட்டக்களப்பு நூல் வெளியீடு குறித்து ஒரு நோக்கு

ஒரு நூல் எத்தனை பிரதி விற்றால் அதன் செலவு மீளும் என்ற வினாவைத் தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் வணிகரின் வினாவாகவே கருதி ஒதுக்கி வந்துள்ளது. ஆக்கத்தின் பொருளும் வடிவமும் ஆராயப்படுகின்றன. அது தோன்றிய சமூகப் பின்னணியும் ஆராயப்படுகின்றது. ஆனால், அதனைத் தாளில் ஏற்றிய பணம் எங்கிருந்து வந்தது, எவ்வழியாகத் திரும்பியது என்பது அரிதாகவே கேட்கப்படுகின்றது. மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், தோன்றும் எழுத்தை நோக்குமிடத்து இவ்வினாவைத் தவிர்த்து அவ்வெழுத்தின் வடிவத்தையோ வாசிப்பையோ முழுமையாக விளங்கிக்கொள்ளுதல் இயலாது.

இவ்வினாவை இன்று மிகக் கூர்மையாகக் கேட்கும் துறை வீடியோ விளையாட்டுத் துறையாகும். கொன்சோல் எனப்படும் விளையாட்டுப் பொறிக்கென ஒரு விளையாட்டை ஆக்குவதற்குப் பெருந்தொகை முன்கூட்டியே செலவாகின்றது. பிரதியெடுக்கும் செலவோ சிறிது. விலையில் ஒரு பங்கு விற்பனையாளருக்கும், மற்றொரு பங்கு பொறியை ஆக்கிய நிறுவனத்துக்கும் போக, எஞ்சுவதே வெளியீட்டாளரைச் சேரும். ஆகவே, எத்தனை பிரதி விற்றது என்பதைக் கொண்டு மாத்திரம் வெற்றி தோல்வியைக் கூறமுடியாது. 1982இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'ஈ.ரி.' என்ற விளையாட்டு ஏறத்தாழ 15 இலட்சம் பிரதிகள் விற்றும் பெருந்தோல்வியாகவே முடிந்தது. ஏனெனில், ஏறத்தாழ 40 இலட்சம் பிரதிகள் ஆக்கப்பட்டிருந்தன. 2013 மார்ச்சில் வெளிவந்த 'டூம் ரெய்டர்' அம்மாத இறுதிக்குள் ஏறத்தாழ 34 இலட்சம் பிரதிகள் விற்றும் எதிர்பார்ப்பை எட்டவில்லை என அதன் வெளியீட்டாளரான ஸ்குவெயர் எனிக்ஸ் நிறுவனமே அறிவித்தது; அது இலாபம் ஈட்டியதாகக் கூறப்பட்டது பின்னரே. செலவும் எதிர்பார்ப்புமே எண்ணுக்குப் பொருள் தருகின்றன என்பது இவற்றாற் பெறப்படும்.

இலட்சங்களிலிருந்து நூறுகளுக்கு இறங்கினும் கணக்கின் இயல்பு மாறுவதில்லை. விளக்கத்தின் பொருட்டு ஒரு நூலைக் கற்பனை செய்வோம். எழுத்துக்கோப்பு, அட்டை வடிவமைப்பு முதலிய நிலைச்செலவு 80,000 ரூபா. தாள், அச்சு, கட்டுதல் ஆகியவற்றுக்குப் பிரதியொன்றுக்கு 240 ரூபா. விலை 600 ரூபா. அதில் மூன்றிலொரு பங்கு புத்தகசாலைக்கான கழிவு. 500 பிரதிகள் அச்சிட்டால் மொத்தச் செலவு 2,00,000 ரூபா. புத்தகசாலை வழியாக விற்கும் ஒவ்வொரு பிரதியும் 400 ரூபாவையே தருமாதலின், 500 பிரதிகளும் விற்றாலன்றி முதல் மீளாது. 2,000 பிரதிகள் அச்சிட்டால் பிரதியொன்றின் அடக்கம் 400 ரூபாவிலிருந்து 280 ரூபாவாகக் குறையும். ஆனால், முதல் மீள 1,400 பிரதிகள் விற்கவேண்டும். அச்சிடுந்தொகை பெருகப் பெருகப் பிரதி மலிவாகின்றது, துணிவோ விலையேறுகின்றது. சிறிய வாசகப் பரப்பினுள் எழுதும் ஆசிரியர் முதலாவது வழியையே தெரிவுசெய்தல் இயல்பு. பெரும்பாலும் அவரே தம் நூலின் வெளியீட்டாளருமாவார்.

இக்கணக்கு இலக்கிய வடிவத்துள்ளும் புகுகின்றது. நூல்கள் பதினாறு பக்கப் படிவங்களாக அச்சேறுவன. ஒவ்வொரு படிவமும் செலவைக் கூட்டும். எனவே, மெலிந்த கவிதைத் தொகுதியும், இதழ்களில் முன்னரே வெளிவந்த கதைகளின் தொகுதியும் எளிதில் நூலுருப் பெறுகின்றன. நானூறு பக்க நாவலோ கையெழுத்துப் பிரதியாகவே காத்திருக்கின்றது. ஒரு பிரதேசத்தின் படைப்பாற்றல் கவிதையிலும் சிறுகதையிலுமே சிறக்கின்றது என்று முடிவுகட்டுமுன், அம்முடிவில் தாளின் விலைக்கு உள்ள பங்கைத் திறனாய்வாளர் கழித்துப்பார்த்தல் வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் தாளின்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. நாளிதழ்கள் சிலவும் அச்சுப் பதிப்பை இடைநிறுத்தின. அத்தகைய காலத்தில் நூலின் பக்க எண்ணிக்கை ஆசிரியரின் கலைத்தெரிவு மாத்திரமே எனக் கொள்ளுதல் பேதைமையாகும்.

இவ்விடரை மட்டக்களப்பு எழுத்தாளர் கடந்துவந்த வழி வெளியீட்டு விழாவாகும். மங்கல விளக்கேற்றல், வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என நிகழும் அவ்விழாவின் பொருளாதார மையம் முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வழங்கப்படும் கணமே. மேற்கூறிய கற்பனை நூலையே மீண்டும் கொள்வோம். விழாவில் நூறு பிரதிகள் கழிவின்றி 600 ரூபாவுக்குப் போனால் 60,000 ரூபா. பத்துப் புரவலர்கள் ஐயாயிரம் வீதம் உறையில் இட்டளித்தால் 50,000 ரூபா. எஞ்சும் 90,000 ரூபாவுக்குப் புத்தகசாலை வழியாக 225 பிரதிகள் விற்றாற் போதும். ஐந்நூறாக இருந்த இலக்கு 335 ஆக இறங்கிவிடுகின்றது. விழாவின் ஆரவாரத்தை எள்ளுவோர் இவ்விறக்கத்தைக் கருதுவதில்லை.

இம்முறைமை புதிதன்று; மட்டக்களப்புக் கூத்து மரபில் அது வேரூன்றியுள்ளது. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் படிப்படியாக வளரும் கூத்து அரங்கேற்றத்தில் நிறைவுறும். அதன்பின் வீட்டுக்கு வீடு ஆடும் வழக்கமும் உண்டு. அவ்வேளையில் உற்றாரும் ஊராரும் அளிக்கும் அன்பளிப்புகளே அக்கலையைத் தாங்கின. அங்கு நுழைவுச்சீட்டு இல்லை. நட்டம் என்ற சொல்லுக்கும் இடமில்லை. நூல் வெளியீட்டை 'அரங்கேற்றம்' என வழங்குதலும் உண்டு. சந்தை தாங்காத கலையைச் சுற்றம் தாங்கும் பழைய ஒழுங்கே அச்சு யுகத்துள்ளும் தொடர்கின்றது எனலாம்.

எனினும், இவ்விரண்டுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கூத்துக்குப் பணமளித்தவர் விடியும்வரை களரியைச் சூழ்ந்திருந்து கூத்தைப் பார்த்தார். ஆட்டம் பிசகினால் அறிந்தார். பாட்டுப் பிழைத்தால் சொன்னார். கலையைத் தாங்கியவரே அதன் சுவைஞரும் நடுவருமாயினர். நூல் விழாவில் உறையளிப்பவர் நூலைப் படிக்கவேண்டும் என்ற நியதி இல்லை. முதல் மீண்டுவிடுகின்றது, வாசகர் மீள்வதில்லை. ஆதலால் 335 என்ற எண் வாசிப்பின் அளவாகாது. ஆசிரியரின் சுற்றத்தின் அளவே அது. சுற்றம் பெரிதாயிருப்பவரின் நூல் பிழைத்துக்கொள்கின்றது. வறிய குடும்பத்திலிருந்து எழுதுவோர், படுவான்கரையின் உட்கிராமத்திலிருந்து எழுதும் இளையோர், பொதுமண்டபத்தில் உறவினர் திரள வாய்ப்பற்ற பெண்கள் ஆகியோரின் நூல்கள் தரத்தால் உயர்ந்தவையாயினும் இக்கணக்கில் தோற்கின்றன. சந்தையின் அநீதிக்கு மாற்றாக எழுந்த முறை தனக்கென வேறோர் அநீதியைக் கொண்டுள்ளது.

இதிற் பல்கலைக்கழகத்தாரின் பங்கும் விசாரிக்கப்படவேண்டியதே. நயவுரை நிகழ்த்தப் பெரும்பாலும் விரிவுரையாளரே அழைக்கப்படுகின்றனர். கொள்வோர் முன்னிலையில், கொள்ளும் வேளையில் கூறப்படும் மதிப்பீடு குறைகளைக் கூறத் தயங்கும். அது பண்பாட்டுக் கடனாகலாம், திறனாய்வாகாது. விழா முடிந்தபின் அந்நூலைப் பற்றி எவரும் எழுதாதவிடத்து அந்நயவுரையே இறுதித் தீர்ப்பாக நிலைத்துவிடுகின்றது. புகழப்பட்ட நூலும் படிக்கப்பட்ட நூலும் ஒன்றே என்ற மயக்கம் இவ்வாறே உண்டாகின்றது.

சந்தையாலோ விழாவாலோ தாங்கமுடியாத நூல்களும் உள. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. அத்தகைய ஆராய்ச்சி நூல் விற்பனையை நம்பி எழுதப்பட்டிருப்பின் எழுதப்பட்டே இராது. எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' (1962), பண்டிதர் வீ.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) ஆகியவற்றின் பயனும் முதற்பதிப்பின் விற்பனையால் அளக்கத்தக்கதன்று. இப்பிரதேசத்தைப் பற்றி ஆராய்வோர் பல பத்தாண்டுகள் கடந்தும் அவற்றையே நாடுகின்றனர். விளையாட்டு நிறுவனம் முதற்சில வாரங்களிலேயே தீர்ப்பை எதிர்பார்க்கின்றது. நூலுக்கு அவ்வவசரம் பொருந்தாது.

சந்தையை அரசு மாற்றியமைத்தாற் பயன் விளையுமா என்பதற்கும் ஈழத்து வரலாறு சான்று தருகின்றது. 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் எழுத்துக்கு இடம் விரிந்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் ஈழத்து நாவலைப் பரந்த வாசகரிடம் கொண்டுசென்றன. 1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட, அவ்விரிவு நிலைக்கவில்லை. வேலியிட்டுப் பெற்ற வாசகர் வேலி நீங்கியதும் கலைந்தனர் என்பது அதன் பாடம். வாசிப்புப் பழக்கமாக வேரூன்றாத விற்பனை, எண்ணிக்கையாற் பெரிதாயினும் நிலையற்றதே.

ஆகவே, 'எத்தனை பிரதி விற்றால் நூல் பிழைக்கும்?' என்ற வினாவை ஒதுக்காமலும் அதனோடு நின்றுவிடாமலும் இருத்தல் வேண்டும். விழாவால் முதல் மீளட்டும், அது நாணத்தக்கதன்று. புரவலர் அளிக்கும் உறைக்கு ஈடாக ஒரு பிரதியைக் கிராமத்துப் பாடசாலை நூலகத்துக்கோ வாசிகசாலைக்கோ வழங்குதல் வழக்கமாகட்டும். விழாவில் நயவுரை நிகழ்த்தியவர் ஓராண்டுக்குள் அந்நூல் பற்றி நிறைகுறை கூறும் ஒரு கட்டுரை எழுதுதல் கடமையாகட்டும். சுற்றத்தின் துணையற்றவரின் நூலைத் தெரிந்தெடுத்து வெளியிடுதல் தமிழ்ச் சங்கங்களின் பணியாகட்டும். கூத்துக் களரியைச் சூழ்ந்திருந்தோர் பணமும் தந்தனர், விழிப்பும் தந்தனர். நூலுக்குப் பணம் கிட்டும் வழியை மட்டக்களப்பு கண்டுகொண்டது. விழித்திருந்து படிப்போரைப் பெறும் வழியே இனிக் காணவேண்டியது.