ஏரி வாரியமும் நாமும்

ஒரு காரியம் நல்ல காரியம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு, அதை விமர்சிக்க வருகிறவனுக்கு மரியாதை கிடைப்பதில்லை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏரிகளைக் காப்பாற்றும் வேலை இப்போது அப்படிப்பட்ட நல்ல காரியமாகிவிட்டது. குடியிருப்போர், சர்க்கார், தொண்டு ஸ்தாபனம், பணம் கொடுக்கும் கம்பெனி எல்லாரும் சேர்ந்து செய்கிறார்கள். மக்கள் பங்கேற்பு என்று இதற்குப் பெயர். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பெயருக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடந்திருப்பதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். 2019 கோடையில் சென்னை முழுவதும் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றது. அந்த வருஷம் சிட்லபாக்கத்து வாசிகள் 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற பெயரில் கூடி, வறண்டு கிடந்த தங்கள் ஏரியில் இறங்கிக் குப்பையை வாரினார்கள். சர்க்கார் அதே வருஷம் ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் என்று அறிவித்தது. பக்கத்துச் செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட், சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து வேலை செய்தன. இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் கடைசியில் போய்ச் சேருவது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதுவும் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றுவிட்டது. இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதெல்லாம் புதிது என்று பேசுகிறார்களே, அதுதான் சரியில்லை. தாம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் உத்தரமேரூர் போய்விடலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துச் சாசனங்கள் இருக்கின்றன. 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, ஜனநாயகம் நம்முடையது என்று மார்தட்டிக்கொள்கிறோம். அந்தச் சாசனத்தை ஒரு கதையைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தால், எழுதியவர்களுக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருந்தது என்பது புரியும். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவி முந்நூற்றறுபது நாள். ஒரு முறை இருந்தவன் மூன்று வருஷத்துக்குத் திரும்ப வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் வர முடியாது. அவனுடைய உறவினர்களும் வர முடியாது. பானையிலிருந்து ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாத சிறுவன். ஏரியைவிட, ஏரியைக் காக்க வருகிறவனைப் பற்றித்தான் அதில் அதிகக் கவலை தெரிகிறது.

அதே சாசனத்தில் ஒரு கதவு மூடியும் இருக்கிறது. வரி கட்டும் கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவள் ஓலையில் இல்லை. மடை திறந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டவனும் இல்லை.

நம் காலத்துக் கூட்டு முயற்சியை இந்தச் சாசனத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உத்தரமேரூரின் குறை அப்படியே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது; நிறை வரவில்லை. நலச் சங்கங்களில் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்களின் குரல்தான் கேட்கிறது. வாடகைக்கு இருப்பவனும், கரையில் குடிசை போட்டவனும், அதில் மீன் பிடிப்பவனும் கூட்டத்துக்கு அழைக்கப்படுவதில்லை. அழைத்தால் காலி செய்யச் சொல்லத்தான் அழைக்கிறார்கள். கணக்கை வெளியிடுகிற குழுக்கள் உண்டு. ஆனால் அது அந்தக் குழுவின் நல்ல குணம். உத்தரமேரூரில் அது விதி. நல்ல குணத்தை நம்பி ஒரு ஏரியை விட்டுவைக்க முடியாது.

ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. இவற்றுக்கு நகர விஸ்தரிப்பு, கலைச் சின்னம் என்று பெயர். கரையோரத்தில் கூரை போட்டவன் செய்ததற்கு மட்டும் ஆக்கிரமிப்பு என்று பெயர். ஏரி முழுதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் வீட்டுக்குள் வந்த தண்ணீர், தனக்கு இடம் வேண்டும் என்று கேட்டதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த இடத்தைக் கொடுக்க வேண்டியவன் ஏழை ஒருவன்தான் என்று முடிவு செய்வதற்கு மக்கள் பங்கேற்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

குடிமராமத்து என்ற பழைய சொல்லையும் தூசி தட்டி எடுத்தார்கள். 2017 மார்ச்சில் தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலத்தில் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். செலவில் பத்தில் ஒரு பங்கு விவசாயிகளுடையது என்று ஏற்பாடு. பாசனம் உள்ள ஊருக்கு அது பொருந்தும். வயல்களெல்லாம் பிளாட்டாகிவிட்ட செம்பாக்கத்தில் ஆயக்கட்டுதாரர் யார்? முன்பு ஏரியில் கை வைத்தால் ஊரே பட்டினி கிடக்கும். அந்தப் பயம்தான் கரையைக் காத்தது. இன்று ஏரி கெட்டால் குழாய்க் கிணறு வற்றும். லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம். வாங்க முடியாதவனுக்குத்தான் ஏரி இன்னும் ஏரி. வாரியத்தில் இல்லாதவனும் அவன்தான்.

ஒரு பழம்பொருள் எப்படிப் பிழைக்கிறது என்பதற்குப் பல்லாவரத்தில் ஒரு பாடம் இருக்கிறது. மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில் ஒன்று அங்கே பிற்காலத்தில் தர்காவாகிவிட்டது. சரித்திரக்காரர்களுக்கு அதில் வருத்தம் இருக்கலாம். ஆனால் அங்கே தினமும் யாரோ வருகிறார்கள், பெருக்குகிறார்கள், விளக்கு ஏற்றுகிறார்கள். அதே பல்லாவரத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் கற்காலத்துக் கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் அங்கிருந்துதான் தெரிய வந்தது. அந்தப் பெருமையை அன்றாடம் உபயோகிக்கிறவர் யாரும் இல்லை. அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது.

ஏரிக்கும் இதுதான் விதி. சுற்றி நடைபாதை போட்டுக் கம்பி வேலி அடைத்தால் அது காலையில் நடப்பவர்களின் ஏரியாகிவிடும். மூன்று காரியம் செய்தால் போதும் என்று தோன்றுகிறது. வருஷத்துக்கு ஒரு முறை கரையிலேயே கூட்டம் போட்டு, வந்த பணத்தையும் போன பணத்தையும் உரக்கப் படிக்க வேண்டும். தலைமையில் இருப்பவர் குறித்த காலத்தில் இறங்கி, மூன்று வருஷம் ஒதுங்கியிருக்க வேண்டும். நிலமும் மனையும் இல்லாதவர்களுக்குக் குழுவில் பாதி இடம் வேண்டும். முதல் இரண்டும் ஆயிரத்து நூறு வருஷமாக நம் ஊர்க் கோயில் சுவரிலேயே இருக்கின்றன. மூன்றாவதை நாம்தான் வெட்ட வேண்டும்.